ஆர்லாண்டோவில் பூங்காவுக்குப் பக்கத்தில் எந்தப் பெரிய ஹோட்டல்?

2025 ஜூன் 8: நியூஜெர்சி எடிசனில் இருக்கும் தோழியின் கேள்வி

அக்கா, டிசம்பர் கடைசி வாரம் டிஸ்னி வேர்ல்ட் பார்க்க ஆர்லாண்டோ போகலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இரண்டு பேர், பையனுக்கு 9, பெண்ணுக்கு 4, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். ஐந்து இரவு. வாழ்க்கையில் ஒரு தடவைதான், செலவைப் பார்க்க வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். கிராண்ட் ஃப்ளோரிடியன், ஃபோர் சீசன்ஸ், போர்ட்டோஃபினோ பே. இந்த மூன்றில் எது?

ஜூன் 8, இரவு

மூன்றுமே வேண்டாம். காலை 7 மணிக்குக் கிளம்பி, இரவு 10 மணிக்குத் தூங்கிப்போன பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவீர்கள். அந்த நேரத்தில் லாபியில் பியானோ வாசித்தால் என்ன, வாசிக்காவிட்டால் என்ன. சுத்தமான படுக்கையும் வெந்நீரும் 180 டாலருக்கே கிடைக்கும். மிச்சக் காசில் ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.

செலவைப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதெல்லாம் பில் வருகிற வரைக்கும்தான். என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

ஜூன் 9, காலை

நேற்று எழுதியதை இப்போது படித்தால் எனக்கே ஒப்பவில்லை. 180 டாலர் அறையில் தங்கி நான் பட்ட பாட்டை வசதியாக மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

2019-ல் முதல் தடவை போனோம். அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேரம் காரில். டிஸ்னி எல்லைக்கு வெளியே ஒரு ஹோட்டல், பெயர் வேண்டாம். "பூங்காக்களுக்கு இலவசப் பேருந்து" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரு நாளைக்கு மூன்றே தடவை, அதற்கும் முந்தின நாள் மாலையே பெயர் கொடுத்து வைக்க வேண்டும். இரவில் கடைசி வண்டி 10:15. வாணவேடிக்கை முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக நாங்கள் வெளியே வருவதற்குள் அது போய்விட்டது. டாக்சிக்கு நின்றோம், எங்களோடு பாதி ஃப்ளோரிடாவும் நின்றது. கிளம்பும் நாளில் பில்லைப் பார்த்தால் இரவுக்கு 35 டாலர் ரிசார்ட் கட்டணம், 25 டாலர் கார் நிறுத்தக் கட்டணம். ரிசார்ட் கட்டணம் எதற்கு என்று கேட்டேன். இன்டர்நெட், உடற்பயிற்சி அறை, இரண்டு தண்ணீர் பாட்டில். அந்தப் பாட்டிலை ஒரு வருஷம் வைத்திருந்தேன், கோபத்தில்.

சரி, மூன்றுமே வேண்டாம் என்றதை வாபஸ் வாங்குகிறேன். எது என்று பிறகு சொல்கிறேன். ஆபீஸ் நேரம்.

ஜூன் 9, இரவு

பக்கம் என்றால் என்ன என்பதை முதலில் பேசிவிடுவோம். வரைபடத்தில் பக்கமாக இருப்பது வேறு, காலுக்குப் பக்கமாக இருப்பது வேறு.

டிஸ்னி வேர்ல்ட் ஏறக்குறைய 25,000 ஏக்கர். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்கள். நான்கும் ஒன்றையொன்று ஒட்டி இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் வண்டிதான். இதில் மேஜிக் கிங்டம் மட்டும் தனி ரகம். காரில் போனாலும் வெளி ஹோட்டல் பேருந்தில் போனாலும் பூங்கா வாசலில் இறங்க முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் டிக்கெட் சென்டர் என்று ஓர் இடம், அங்கே இறங்கி மோனோரயிலோ படகோ பிடித்து ஏரியைக் கடக்க வேண்டும். டிஸ்னியின் சொந்த ஹோட்டல் பேருந்து மட்டும் நேராக வாசலுக்கே போகும். காலையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரவில், கையில் குழந்தையும் பக்கத்தில் மாமியாரும் இருக்கும்போது, தெரியும்.

ஏரியைச் சுற்றி மோனோரயில் தடத்திலேயே மூன்று ஹோட்டல்கள். கன்டெம்பரரியும் பாலினேசியனும் 1971 அக்டோபரில் பூங்காவோடு சேர்ந்தே திறந்தவை. கிராண்ட் ஃப்ளோரிடியன் 1988. கன்டெம்பரரியின் வயிற்றுக்குள்ளேயே மோனோரயில் புகுந்து வெளியே வரும். அங்கிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிட நடை. இரவு 10 மணிக்கு எல்லோரும் வரிசையில் நிற்க, நீங்கள் பாட்டுக்கு நடந்து போய்ப் படுத்துவிடலாம். கட்டடம் பார்க்க ஏதோ அரசு அலுவலகம் மாதிரி இருக்கும், அது வேறு விஷயம்.

விமான நிலையத்திலிருந்து டிஸ்னியின் இலவசப் பேருந்தும் உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஜூன் 10

திருத்தம். இலவச விமான நிலையப் பேருந்து 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது என்று இரண்டு பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். உண்மைதான். நாங்கள் காரில் போகிறவர்கள், கவனிக்கவில்லை. ஆறு பேருக்குப் பெரிய வேன் ஒன்று முன்பதிவு செய்துவிடுங்கள்.

அதற்கு ஈடாக ஒரு நல்ல செய்தி. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து இரவு கார் நிறுத்தம் இலவசம், நாமே நிறுத்தினால். பூங்காவிலும் நிறுத்தக் காசு கிடையாது. ரிசார்ட் கட்டணமும் கிடையாது. தண்ணீர் பாட்டிலும் கிடையாது.

ஜூன் 12

கிராண்ட் ஃப்ளோரிடியன் கணக்கு கேட்டிருந்தீர்கள். 700 டாலருக்குக் கீழே அறை அகப்பட்டால் அதிர்ஷ்டம். 700 என்றே வைத்துக்கொள்வோம். ஆரஞ்ச் கவுண்டியில் அறை வரி 12.5 சதவீதம். ஓர் இரவுக்கு 787.50, ஐந்து இரவுக்கு 3,937.50. ஓர் அறைக்கு ஐந்து பேர்தான். உங்களுக்கு ஆறு தலை, ஆக இரண்டு அறை, 7,875. பூங்கா டிக்கெட்டும் சாப்பாடும் இதில் சேராது. கிறிஸ்துமஸ் வாரத்தில் 700 என்பது கனவில்கூட வராது.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்றால், வெள்ளை மரவேலை, சிவப்புக் கூரை, கலிஃபோர்னியாவின் பழைய கடற்கரை ஹோட்டல் ஒன்றைப் பார்த்துக் கட்டிய அழகான கட்டடம். மேஜிக் கிங்டத்துக்கு மோனோரயில், படகு, நடைபாதை மூன்றும் உண்டு. நான் தங்கியதில்லை. மோனோரயில் யாரும் ஏறலாம், காசு இல்லை. அப்படி இறங்கி லாபியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தோம். அந்த ஒரு மணி நேரம் போதும் என்று எனக்குத் தோன்றியது. என் கணவருக்குப் போதவில்லை.

ஜூன் 12, கொஞ்சம் கழித்து

ஃபோர் சீசன்ஸ் பற்றி ஒரே பத்தி. 2014-ல் திறந்தது, 17 மாடி, டிஸ்னி எல்லைக்குள்ளேயே. ரிசார்ட் கட்டணம் வாங்குவதில்லை, நீச்சல் குளங்களுக்கு நடுவே சுற்றி வரும் ஓடை, மொட்டை மாடியில் ஸ்பானிய பாணி இறைச்சி உணவகம் (உங்கள் மாமியார் சைவம் என்று நினைக்கிறேன்). ஆயிரம் டாலரைத் தாண்டித்தான் பேச்சே ஆரம்பிக்கும். இரண்டு நாள் குளத்திலேயே கிடக்கப் போகிறீர்கள் என்றால் எடுங்கள். ஐந்து நாளும் பூங்கா என்றால், கல்யாணப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நாற்று நடப் போவது மாதிரி.

ஜூன் 15

போர்ட்டோஃபினோ பற்றி ஏன் பேச்சே இல்லை என்று கேட்கிறார்கள். அது டிஸ்னியே இல்லை, யுனிவர்சல். இரண்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் 20 நிமிடம், நெரிசலில் 40. டிஸ்னிக்குப் போக யுனிவர்சல் ஹோட்டலில் தங்குவது, மதுரை மீனாட்சியைப் பார்க்கப் பழனியில் அறை எடுப்பது போல. இல்லை, அவ்வளவு தூரமில்லை. திருமங்கலம்.

ஆனால் யுனிவர்சல்தான் முக்கியம் என்கிறவர்களுக்கு என் வாழ்நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான பேரத்தைச் சொல்கிறேன். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் மூன்றிலும் அறை எடுத்தால், அந்த அறையில் தங்கும் எல்லோருக்கும் யுனிவர்சலின் பழைய இரண்டு பூங்காக்களில் அளவில்லா எக்ஸ்பிரஸ் பாஸ், அதாவது நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரி ஏறும் சீட்டு, சேர்ந்தே வரும். வருகிற நாளுக்கும் உண்டு, போகிற நாளுக்கும் உண்டு. அதாவது ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் பாஸ். அறை மாலையில்தான் தயாராகும், ஆனால் காலையிலேயே போய்ப் பதிவு செய்து பாஸை வாங்கிக்கொண்டு பூங்காவுக்குள் போய்விடலாம்.

2022 ஜூனில் ராயல் பசிபிக்கில் ஓர் இரவு, வரியோடு 540 டாலர் கொடுத்தோம். அன்றைக்கு அந்தப் பாஸைத் தனியாக வாங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200-க்கு மேல். நான்கு பேர், இரண்டு நாள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் போட்டுப் போட்டு மகிழ்ந்து முடித்தாயிற்று. கணவர் இன்னும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 16

மேலே சொன்னதில் ஒரு ஓட்டை. பாஸ் எல்லாச் சவாரிக்கும் செல்லாது, பெரும்பாலானவற்றுக்குத்தான். யுனிவர்சலின் புதுப் பூங்கா, போன மாதம் 22-ஆம் தேதி திறந்த எபிக் யுனிவர்ஸுக்கு அறவே செல்லாது. அந்தப் பூங்காவை ஒட்டியே கட்டிய ஹெலியோஸ் கிராண்ட் ஹோட்டலில் 500 அறை, ஹோட்டலிலிருந்து பூங்காவுக்குள் நேராகப் போகத் தனி வாசல். அங்கே தங்கினாலும் எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்ந்து வராது. பெயரில் கிராண்ட் இருக்கிறது, வரிசையில் நீங்களும் நானும் ஒன்று.

எடிசன் தோழிக்கு இன்னொன்று. 4 வயதுப் பெண் இருக்கிறாள் அல்லவா, யுனிவர்சலின் பெரிய சவாரிகளில் ஏற்ற மாட்டார்கள். வெலாசிகோஸ்டருக்கு 51 அங்குல உயரம் வேண்டும், ஹல்க்குக்கு 54. உங்கள் பையனே ஒன்றில் தப்பி ஒன்றில் மாட்டுவான். மாமனார், மாமியார் எதிலும் ஏறப்போவதில்லை. ஆறு பேருக்குப் பாஸ் வரும், இரண்டரைப் பேர் பயன்படுத்துவீர்கள். போர்ட்டோஃபினோவை அடித்துவிடுங்கள்.

ஜூன் 16, மாலை

"இரண்டரைப் பேர்" என்றதில் அரை யார் என்று வீட்டுக்காரர் கேட்கிறாராம். நான் பதில் சொல்ல மாட்டேன்.

ஜூன் 21

தோழி தனியாக எழுதியதில் ஒரு விஷயத்தை மட்டும் அவர் அனுமதியோடு இங்கே வைக்கிறேன். மாமனாருக்கு வலது முழங்கால் தேய்மானம். மாமியாருக்குக் கூட்டம் என்றால் படபடப்பு. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி இழையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

என் அம்மா கதையைச் சொல்கிறேன். நீளம்தான்.

அம்மா காங்கேயம் பக்கம். 2024 மார்ச்சில் இங்கே வந்திருந்தபோது 71 வயது. அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதாலேயே இந்தத் தடவை டிஸ்னிக்குள்ளேயே தங்குவது என்று முடிவு செய்தேன். அனிமல் கிங்டம் லாட்ஜ், அதில் கிடானி வில்லேஜ் என்கிற பகுதி. பால்கனிக்குக் கீழே புல்வெளி, அதில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான்கள் உலாவும். என் கணவர் முதலில் கேட்டது: "இதுக்கு வண்டலூர் போதாதா?"

முதல் நாள் அம்மாவை மேஜிக் கிங்டத்துக்கு அழைத்துப் போனோம். சக்கர நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார், பிறகு உட்கார்ந்தார், உட்கார்ந்ததற்காக வருத்தப்பட்டார். மதியம் ஒரு மணிக்கு "நீங்க பாருங்க, நான் இந்த மரத்தடியில இருக்கேன்" என்றார். ஒரு டிக்கெட் 150 டாலர் சொச்சம், மரத்தடிக்கு.

இரண்டாம் நாள் காலையில் வரவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம். அப்புறம் குற்ற உணர்ச்சி. அறையில் தயிர் சாதமும் ஊறுகாயும் வைத்துவிட்டுப் போனோம். நாள் முழுக்க மூன்று தடவை போன் செய்தேன், ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அடித்துப் பிடித்து மாலை நாலரைக்கு வந்து பார்த்தால் பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். போன் உள்ளே சார்ஜில். அந்தப் புல்வெளியில் அங்கோலே மாடுகள் உண்டு, ஆப்பிரிக்க இனம். கொம்பு ஒவ்வொன்றும் நம் தொடைப் பருமன், மேலே வானத்தைப் பார்த்து விரிந்திருக்கும். அம்மா அதைக் காட்டி, "இத்தனை கொம்ப வச்சுக்கிட்டு இதுக்கு எப்புடி மூக்கணாங்கயிறு போடறாங்க?" என்றார். எத்தனை ஒட்டகச்சிவிங்கி, எந்தக் குட்டி எந்தத் தாயோடு போகிறது, எந்த நேரத்தில் தீவனம் வைக்கிறார்கள், எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். காலையிலிருந்து அவருக்கு அலுக்கவே இல்லை.

மீதி மூன்று நாளும் அவர் பூங்காப் பக்கம் வரவில்லை. ஒரு நாள் இரவு மட்டும் பாலினேசியன் ஹோட்டல் கடற்கரையில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்த்தோம், டிக்கெட் இல்லாமல். ஏரியில் விளக்கு அலங்காரத் தெப்பங்கள் வரிசையாக வரும், 1971-லிருந்து விடுகிறார்கள். "நம்மூர்த் தெப்பத் திருவிழா மாதிரியே இருக்குது, சாமிதான் இல்ல" என்றார். ஊருக்குத் திரும்பிய பிறகு அமெரிக்கா பற்றி யார் கேட்டாலும் அவர் சொல்வது அந்த மாட்டைத்தான்.

அதனால் முதல் நாள் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்கிறேன். உங்கள் ஆறு பேரில் பூங்காவுக்குப் போகாமல் அறையில் நாளைக் கழிக்கப் போகிறவர் யார்? ஹோட்டலை அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பூங்காவுக்குப் போகிறவர்களுக்குப் பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஜூன் 22

நேற்று உணர்ச்சிவசப்பட்டுக் குறைகளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒன்று, கிடானியிலிருந்து எங்கே போனாலும் பேருந்துதான். மோனோரயில் இல்லை, கம்பிவடத்தில் தொங்கிப் போகும் ஸ்கைலைனர் தொட்டியும் இல்லை. அனிமல் கிங்டம் மட்டும் பக்கம். மேஜிக் கிங்டத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், பேருந்துக்குக் காத்திருப்பது தனி. பேருந்தில் ஏறும்போது குழந்தை வண்டியை மடித்தாக வேண்டும்.

இரண்டு, கட்டடம் குதிரை லாடம் மாதிரி வளைந்து நீளமாகக் கிடக்கும். கோடியில் அறை அமைந்தால் லாபிக்கு வரவே ஒரு நடைப்பயிற்சி. முழங்கால்காரருக்கு இது சோதனை. லாபிக்குப் பக்கத்தில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். கார் வைத்திருந்தால் கவலை குறைவு, நிறுத்துமிடம் கட்டடத்துக்கு அடியிலேயே, லிஃப்டில் நேராக ஏறிவிடலாம்.

மூன்று, புல்வெளி தெரியாத அறைகளும் உண்டு, விலை குறைவு. அதை எடுப்பதற்கு எடுக்காமலே இருக்கலாம்.

ஜூன் 22, இரவு

சாப்பாட்டைச் சொல்லாமல் எப்படி விட்டேன்? கிடானியின் கீழ்த்தளத்தில் சனா என்று ஓர் உணவகம், ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்தது. நாண், குல்ச்சா, பராத்தா ஒரு தட்டில், கூட ஒன்பது கிண்ணங்களில் சட்னி, ஊறுகாய், வெள்ளரிப் பச்சடி, புளிச் சட்னி. பூண்டு ஊறுகாயும் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி. மதியம் போங்கள், இருட்டினால் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும்.

காபிக்கு மட்டும் வழி இல்லை. அம்மா பெட்டியில் பில்டரையும் காபித்தூளையும் கொண்டு வந்திருந்தார். ஒரு படுக்கையறை வில்லாவில் முழுச் சமையலறை உண்டு, அடுப்பு, பாத்திரம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம். அதைவிட முக்கியம், இரண்டு குளியலறை. ஐந்து பேர் ஒரே குளியலறையில் எட்டு மணிப் பூங்காவுக்குத் தயாராகிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஜூன் 24

"அந்த வில்லாவுக்கு ஓர் இரவுக்கு ஆயிரத்துக்கு மேல் காட்டுகிறதே, நீங்கள் என்ன அம்பானியா?" என்று ஒருவர். இல்லை ஐயா. வாடகைப் புள்ளி.

டிஸ்னியின் வில்லாக்களில் வருஷத்துக்கு இத்தனை புள்ளி என்று வாங்கி வைத்திருக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தாங்கள் போக முடியாத வருஷம் புள்ளியை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். நாங்கள் எடுத்தபோது புள்ளிக்கு 20 டாலர் சொச்சம். டிஸ்னி தளத்தில் காட்டிய விலையில் ஏறக்குறைய பாதியில் முடிந்தது. உறுப்பினர் தன் சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்னால் பதிவு செய்யலாம், மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம். அதனால் கிடானி வேண்டும் என்றால் அனிமல் கிங்டம் வில்லாக்களின் புள்ளி வைத்திருப்பவரைத் தேடுங்கள்.

இதில் உள்ள முள்: பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அறை கூட்டிப் பெருக்க மாட்டார்கள். நான்காம் நாள் துண்டு மாற்றிக் குப்பை எடுப்பார்கள், அவ்வளவுதான். அம்மா தினமும் காலையில் துடைப்பம் தேடினார்.

ஜூன் 29

கிரெடிட் கார்டுப் புள்ளிக்காரர்கள் வந்துவிட்டார்கள். நம் ஆட்கள் இருக்கும் இடத்தில் இது வராமல் இருக்குமா.

சுருக்கமாக. மேரியட் புள்ளி இருந்தால் ஸ்வான், டால்ஃபின், ஸ்வான் ரிசர்வ். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் நடந்தே போகலாம். மற்ற டிஸ்னி ஹோட்டல்காரர்களுக்கு உள்ள அரை மணி நேர முன் நுழைவும், சில இரவுகளில் உயர்தர ஹோட்டல்காரர்களுக்கு மட்டும் உள்ள கூடுதல் நேரமும் இங்கே உண்டு. புள்ளியில் தங்கினாலும் ரிசார்ட் கட்டணம் உண்டு. ஹில்டன் புள்ளி இருந்தால் வால்டார்ஃப் அஸ்டோரியா, அல்லது 2024-ல் திறந்த கான்ராட். ஹில்டனில் முழுக்கப் புள்ளியில் தங்கினால் ரிசார்ட் கட்டணம் கிடையாது. என் தண்ணீர் பாட்டில் கோபம் இங்கே கொஞ்சம் ஆறும்.

டால்ஃபின் கூரையில் ராட்சத மீன் சிலை இருக்கும். பெயர் டால்ஃபின், சிலை பார்த்தால் கெண்டை. பழகிவிடும்.

ஜூலை 6

தேதியைப் பற்றித் தோழியோடு சண்டையே போட்டேன். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வருஷத்திலேயே மோசமான கூட்டம், உச்ச விலை. படபடப்புள்ள மாமியாரை அங்கே கூட்டிக்கொண்டு போவதற்குத் தீபாவளிக்கு முதல் நாள் தி.நகர் ரங்கநாதன் தெருவில் விட்டுவிட்டு வரலாம்.

பள்ளி விடுமுறை வேண்டுமே என்றார். நியூஜெர்சியில் நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் மாநாட்டுக்காக வியாழன், வெள்ளி விடுமுறை விடுவார்கள் இல்லையா, இந்த வருஷம் 6, 7 தேதிகள். அந்த வாரம் டிஸ்னியில் நியூஜெர்சிக்காரர்கள் நிறையப் பேர் வருவதால் "ஜெர்சி வாரம்" என்றே கேலியாகச் சொல்வார்கள். கூட்டம் இருக்கும்தான், ஆனால் கிறிஸ்துமஸோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. வெயிலும் குறைந்திருக்கும். மாமனார், மாமியாருக்கு நவம்பர் 20 திரும்பும் டிக்கெட் என்று அப்போதுதான் சொன்னார். அப்படியானால் டிசம்பர் கடைசி வாரத்தில் யாரைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தீர்கள்?

ஜூலை 6, இரவு

டிக்கெட்டை நீட்டிப்பதாக இருந்தாராம். சரி, சரி.

ஒரு எச்சரிக்கை. நவம்பரில் கிறிஸ்துமஸ் விருந்து இரவுகள் தொடங்கிவிடும். அந்த நாட்களில் தனி டிக்கெட் இல்லாதவர்களை மேஜிக் கிங்டத்திலிருந்து மாலை 6 மணிக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். வாணவேடிக்கை பார்க்க வேண்டும் என்றால் அந்த நாளைத் தவிருங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் அந்த நாளின் பகல்தான் நல்லது. உங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் இருக்கிறது.

செப்டம்பர் 2

லேபர் டே விடுமுறைக்குப் பையனோடு எபிக் யுனிவர்ஸ் போய்வந்தோம். ஜூனில் ஹெலியோஸை கிண்டல் செய்திருந்தேன். இரண்டு மணிக்கு இடி மின்னல். வெளியில் இருக்கும் சவாரிகள் எல்லாம் நின்றன. ஆர்லாண்டோவில் கோடையில் மதிய மழை கிட்டத்தட்ட அன்றாடம், தெரிந்தே போகிறோம். நாங்கள் ஒரு கடையின் இறவாணத்தில் ஐம்பது பேரோடு ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஹெலியோஸில் தங்கியவர்கள் அந்தத் தனி வாசல் வழியாகத் தங்கள் அறைக்குப் போய், குளித்து, தூங்கி, ஐந்து மணிக்கு உலர்ந்த சட்டையோடு வந்தார்கள். என் காலுறை சொட்டிக்கொண்டிருந்தது.

ஹெலியோஸிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விலை இன்னும் அநியாயம்தான்.

செப்டம்பர் 3

இதைப் படித்துவிட்டு ஒருவர் "கன்டெம்பரரிக்கும் இதே வாதம் பொருந்துமே, அப்புறம் ஏன் கிடானி?" என்கிறார். பொருந்தும். மதியம் அறைக்கு வந்து தூங்கிவிட்டு மாலை மறுபடி போகிற குடும்பம் என்றால், மேஜிக் கிங்டம்தான் பிரதானம் என்றால், கன்டெம்பரரியை எடுங்கள், நான் தடுக்கவில்லை. கிடானியிலிருந்து மதியம் வந்து போவது நடக்காத காரியம், நாங்கள் ஒரு தடவைதான் முயன்றோம், வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை.

4 வயதுக் குழந்தை மட்டும் இருந்து பெரியவர்கள் இல்லாவிட்டால் தோழிக்கும் கன்டெம்பரரியைத்தான் சொல்லியிருப்பேன். இதை ஜூனிலேயே எழுதியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 20

கிடானியில் இரண்டு படுக்கையறை வில்லா, நவம்பர் 5 முதல் நான்கு இரவு, வாடகைப் புள்ளியில் கிடைத்துவிட்டது. யாரோ ரத்து செய்த இடம். மூன்று குளியலறை. பூங்கா டிக்கெட் மாமனார், மாமியாருக்கு ஒரே ஒரு நாளுக்கு மட்டும் வாங்கச் சொன்னேன். டிஸ்னியின் விரைவு வரிசையான லைட்னிங் லேன் பதிவு டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு ஏழு நாள் முன்னால் திறக்கும், வெளியே தங்குகிறவர்களுக்கு மூன்று நாள். அக்டோபர் 29 காலை 7 மணிக்கு அலாரம் வையுங்கள். வீட்டுக்காரரிடம் விடாதீர்கள்.

நவம்பர் 14

தோழியிடமிருந்து வந்த செய்தி: லாபிக்குப் பக்கத்திலேயே அறை கொடுத்தார்கள். பெண்ணுக்கு ஒரு நாள் காய்ச்சல், மாமியார் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மாமனார் ஒரு நாள் பூங்கா, மூன்று நாள் பால்கனி. மூன்றாம் நாள் காலையில், "ஏம்மா, இந்த மாட்டுல பால் கறப்பாங்களா?" என்று கேட்டாராம்.

எனக்கும் தெரியாததால் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "கறக்கலாம். அந்தக் கொம்பத் தாண்டி மடிக்குப் போறவன் ஒருத்தன் வேணுமல்ல" என்றார்.